தண்ணீர் ராக்கெட் போட்டியைக் கடற்கரையில் நடத்தலாமா?

கேள்வி (பாம்பன், மாணவர் மன்றப் பொறுப்பாளர்):
அப்துல் கலாம் பிறந்தநாளான அக்டோபர் 15 அன்று எங்கள் மீனவக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ராக்கெட் (பாட்டிலில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் நிரப்பி, பம்பால் காற்றடித்து ஏவுவது) போட்டி நடத்த இருக்கிறோம். வடக்குக் கரை மணலில் ஒத்திகை பார்த்தபோது, செங்குத்தாக நிறுத்தி ஏவிய ராக்கெட் ஏறும்போதே காற்று வரும் திசைக்குச் சாய்ந்தது. இறங்கும்போது காற்றோடு மிதந்து கடலில் விழுந்தது. ஏன் இப்படி நடக்கிறது? குடிநீரை விலைக்கு வாங்கும் ஊரில் கடல்நீரையே நிரப்பலாமா? உயரத்தை எப்படி அளப்பது?

மறுமொழி 1 (இயற்பியல் ஆசிரியர்):
பக்கவாட்டுக் காற்று வாலிலுள்ள இறக்கைகளைத் தள்ளுவதால் மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது. இறக்கை பெரிதாக இருந்தால் நல்லது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அளவுக்கு மீறினால் இந்தச் சாய்வே கூடும். மூக்கில் சிறிது களிமண் வைத்து, வெற்று ராக்கெட்டை அதன் எடை சமநிலையாகும் இடத்தில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் வந்தால் போதும், இறக்கையை மேலும் பெரிதாக்க வேண்டாம்.

மறுமொழி 2 (மண்டபம், சைக்கிள் கடைக்காரர்):
சோடா, குளிர்பானம் வந்த பாட்டிலை மட்டும் எடுங்கள் ஐயா. குடிதண்ணீர் பாட்டில் மெல்லியது, காற்றின் அழுத்தத்தைத் தாங்காது. இரண்டு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பம்பின் அளவியில் 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்று எல்லா அணிக்கும் ஒரே அளவை வையுங்கள், இல்லையென்றால் அதிகமாகக் காற்று அடிப்பவர்களின் போட்டியாகிவிடும். கீறலோ மடிப்போ விழுந்த பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு கனம் என்பதால் உயரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் வால்வும் பம்பும் துருப்பிடிக்கும், ஆகவே அன்றே நன்னீரில் கழுவ வேண்டும். உயரத்துக்குப் பாகைமானியில் நூலோடு வலைக்குக் கட்டும் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, 50 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்த்துக் கோணம் எடுங்கள்: 45 பாகை வந்தால், பார்ப்பவரின் கண் மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரம்.

மறுமொழி 3 (கீழக்கரை):
எனக்கு இடமே உடன்பாடில்லை. பிளாஸ்டிக் பாட்டில்களை எறிய மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் குப்பைத்தொட்டிகள் அல்ல. மேலும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது பார்த்த ஒத்திகையை நம்பி அக்டோபர் நடுவில் திடல் அமைக்காதீர்கள். அதற்குள் காற்று மாறத் தொடங்கிவிடும். பாலம் கடந்து, மழை பிடிக்கும் முன் வறண்டு கிடக்கும் கண்மாய்ப் படுகை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை அன்று காலை காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவதும் நல்லது.

கேட்டவர்:
கண்மாய் நல்ல யோசனை ஐயா. ஊராட்சியில் கேட்டிருக்கிறேன். பாட்டில்களைப் பிள்ளைகள் இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்; அவற்றில் பாதி குடிதண்ணீர் பாட்டில்தான்.