சாட் கிளையன்ட்லேர்ந்தே கமாண்ட் ஓட்டி மாட்டினவங்க உங்க கதையைச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பெங்களூர்ல பெல்லந்தூர் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ்ல சிஸ்டம் அட்மின். எங்க டீம் பேசிக்கிறது இன்னும் ஐஆர்சிலதான் (IRC, பழைய காலத்து எழுத்து சாட்), சிரிக்காதீங்க. சர்வர்ல டிமக்ஸ் (tmux, நாம வெளியேறினாலும் டெர்மினலை உயிரோட வெச்சிருக்கிற புரோகிராம்) உள்ள இர்சிங்கிற (irssi) ஐஆர்சி கிளையன்ட் ஓடிக்கிட்டே இருக்கும், வீட்ல கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு கெடக்கும். அதனால கமாண்ட் அடிக்கிற ஷெல்லுக்குப் போக சோம்பல்பட்டு எல்லாத்தையும் ஸ்லாஷ் எக்ஸெக்லயே (/exec, சாட்டுக்குள்ளேர்ந்தே சர்வர் கமாண்டை ஓட்டுறது) தட்டுற கெட்ட பழக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குக் கெளம்புற அன்னிக்கு மடிவாளாவுல சேலம் பஸ்ஸைப் பிடிக்கணும், அவசரத்துல பேக்கப் ஸ்கிரிப்ட்டை எக்ஸெக்ல விட்டுட்டு பாத்தா தப்பான ஃபோல்டர். சரி நிறுத்திடலாம்னு வெறும் ஸ்லாஷ் எக்ஸெக் அடிச்சேன், ஓடுறதெல்லாம் நம்பரோட வரும்ல, அந்த நம்பருக்கு முன்னாடி பர்சன்ட் குறி போட்டு மைனஸ் க்ளோஸ் கொடுத்தேன். திரும்ப லிஸ்ட் பாத்தேன், காலி. சரியான ஃபோல்டரைப் போட்டு மறுபடி விட்டுட்டு பேகைத் தூக்கிட்டு ஓடினேன்.

அத்திபெலே டோல் தாண்டல, ஃபோன் அடிக்குது. டிஸ்க் 100%. ரெண்டு பேக்கப்பும் ஜோரா ஓடிக்கிட்டிருக்கு! அந்த க்ளோஸ் இருக்கே, அது ப்ராசஸை (ஓடுற புரோகிராமை) இர்சியோட ஞாபகத்துலேர்ந்து அழிக்கும், அவ்ளோதான், நிறுத்தச் சொல்லி ஒரு சிக்னலும் அனுப்பாது. கொல்லணும்னா மைனஸ் டெர்ம், அதுக்கும் அசையலைன்னா மைனஸ் கில். ஹெல்ப்லயே தெளிவா இருக்கு, யார் படிச்சா. அப்புறம் குலுங்குற பஸ்ல, ஃபோன் கீபோர்டுல, ஓடுறதையெல்லாம் காட்டுற பிஎஸ் (ps) கமாண்ட் அடிச்சு, ப்ராசஸ் நம்பரை (பிஐடி) தேடி கொன்னேன். பக்கத்து சீட்டு பெரியவர் "என்ன தம்பி, பரீட்சை ரிசல்ட்டா"ன்னாரு.

———

அண்ணே உங்களுக்கு டிஸ்க்தான் போச்சு, எனக்கு மானமே போச்சு. நானும் இர்சிதான். எக்ஸெக்கோட மைனஸ் ஓ சேத்தா அவுட்புட் நேரா சேனலுக்குப் போயிடும்ல, சும்மா அப்டைம் (சர்வர் எவ்ளோ நேரமா ஓடுதுங்கிறது) காட்டுறதுக்கு போடுவேன். ஒரு நாள் மேல் அம்புக்குறி அழுத்தி பழைய லைனைக் கூப்ட்டு அப்டைமை அழிச்சுட்டு லாக் ஃபைலுக்கு கேட் (cat, ஃபைலை முழுசா காட்டுற கமாண்ட்) போட்டேன், மைனஸ் ஓ மட்டும் அப்படியே நின்னுடுச்சு. முந்நூறு வரி.

மொத்தமா கொட்டியிருந்தா ஐஆர்சி சர்வரே ஃப்ளட்னு (வெள்ளமா கொட்டுறான்னு) தூக்கி வெளில போட்டிருக்கும், அது எவ்ளவோ மேல். இர்சி நம்மளைக் காப்பாத்துறேன்னு முதல் 5 வரியைச் சட்டுனு விட்டுட்டு, மிச்சத்தை 2.2 செகண்டுக்கு ஒண்ணுன்னு விடும், செட்டிங்கை மாத்தலைன்னா அதான் கணக்கு. கேட் எப்பவோ முடிஞ்சிடுச்சு, கொல்றதுக்கு ப்ராசஸே இல்ல, வரி எல்லாம் இர்சியோட க்யூல உக்காந்துக்கிட்டு சொட்டு சொட்டா ஒழுகுது. கணக்குப் போட்டா பதினோரு நிமிஷம் ஆகும். பக்கத்து கேபின்லேர்ந்து "ஏனு குரு இது"ன்னு (என்ன குரு இது) கன்னடத்துல குரல். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் ஒண்ணு எந்த வரில இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், டிஸ்கனெக்ட் அடிச்சு ஓடிட்டேன்.

———

வீசாட்டுக்கு (WeeChat, இன்னொரு ஐஆர்சி கிளையன்ட்) வாங்கப்பா. அங்க எக்ஸெக்கோட மைனஸ் பிஜி (பின்னணியில ஓட்டு) போட்டா அவுட்புட்டும் வராது, முடிஞ்சதுன்னும் சொல்லாது, மைனஸ் லிஸ்ட் போட்டுத்தான் பாக்கணும். ஆனா ஒண்ணு, டீஃபால்ட்டா கமாண்ட் ஷெல் வழியா ஓடாது. நான் பைப் (| குறி) போட்டு அவுட்புட்டை, வரி தேடுற கிரெப் (grep) கமாண்டுக்கு அனுப்புறேன்னு நெனச்சு, அந்தப் பைப் குறியே ஒரு ஃபைல் பேரா போய் எரர் வந்து, அரை நாள் முழிச்சேன். மைனஸ் எஸ்ஹெச் சேக்கணும். இர்சில ஓட்டுறவங்க மைனஸ் நேம் கொடுத்து பேர் வெச்சு விடுங்க, நம்பர் குழப்பம் வராது.

———

பேர் வைக்கிறது நல்ல யோசனை. இப்பதான் லிஸ்ட் எடுத்துப் பாத்தேன், டெய்ல் மைனஸ் எஃப் (tail -f, லாக்ல புது வரி வர வர காட்டிக்கிட்டே இருக்கிற கமாண்ட்) ஒண்ணு நாலு நாளா ஓடிக்கிட்டிருக்கு. எந்த லாக்குக்கு, எதுக்கு விட்டேன், சத்தியமா ஞாபகமில்ல. கொல்லவும் பயமா இருக்கு.