ரிவர்ஸ் எடுத்தபின் முதல் பிரேக்கில் ‘டொக்’: உதவி தேவை

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கோபியிலிருந்து எழுதுகிறேன். வண்டி 2015 ஸ்விஃப்ட் டீசல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஒரு பக்கம் இழுப்பதும் இல்லை. ஆனால் ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகர்ந்து முதல் தடவை மிதித்தால், இடது முன்சக்கரத்தில் ‘டொக்’ என்று ஒரே ஒரு இடி. அடுத்த மிதிக்குச் சத்தமே இல்லை. மறுபடி ரிவர்ஸ் போட்டால் மறுபடி டொக்.

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்தால் கீச்சென்று கத்தும். இரும்போடு இரும்பு உரசினால் கரகரக்கும். இது இரண்டும் இல்லை. பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. மெதுவாக உருட்டி ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்தாலும் சத்தம் வரவில்லை, ஆகவே பின் டிரம் மீது சந்தேகமில்லை.

மெக்கானிக், சக்கரத்தைக் கழற்றாமலே, பேடையும் டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேடைப் பிடித்திருக்கும் தகட்டுக் கிளிப் தளர்ந்து, திசை மாறும்போது பேட் நகர்ந்து இடிக்கிறதோ? லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கையில் உள்ள ரப்பர்) போனாலும் இப்படித்தான் இடிக்கும் என்கிறார் சித்தப்பா. லாரி ஓட்டியவர், தட்டிக் கழிக்க முடியவில்லை. புஷ் என்றால் பள்ளத்தில் இறங்கும்போதும் கேட்க வேண்டாமா?

தாளவாடியில் சொந்தத்தில் கல்யாணம். திரும்பும்போது திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் குழந்தைகளோடு இறங்கியாக வேண்டும். கியரைக் குறைத்துத்தான் இறங்குவேன், இருந்தாலும் அதற்குள் இதைத் தீர்த்துவிட வேண்டும். கிளிப்பா புஷ்ஷா என்று பிரித்தறியும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோபி, சத்தி பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசுகிற மெக்கானிக் இருந்தாலும் தெரிவியுங்கள்.