பழைய லேப்டாப்ல லினக்ஸ் மின்ட்: வைஃபை வரல, உதவி பண்ணுங்க

தண்டையார்பேட்டை தம்பி: வணக்கம் அண்ணா. அக்கா வீட்ல டியூஷன் எடுக்கிறாங்க. அவங்க லேப்டாப் 2013ல வாங்கினது, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 திறந்து முடிக்கிறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட்டும் முடிஞ்சுது. கடையில கேட்டா புதுசு வாங்கிடுங்கன்றாங்க. அதனால விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட் 22ல, பழைய மெஷினுக்கு ஏத்த லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கி, ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேரால பூட் ஆகுற பென்டிரைவா போட்டேன். இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகுது, வைஃபை மட்டும் காட்டவே இல்ல. இன்ஸ்டால் பண்ணா வந்துடுமா?

மூலக்கடை: 'எரேஸ் டிஸ்க்' குடுத்துப் போயிட்டே இரு. அரை மணி நேர வேலை.

கொருக்குப்பேட்டை கேட்: மூலக்கடை சார், அக்காவோட கொஸ்டின் பேப்பரெல்லாம் அழிஞ்சா நீங்க வந்து டைப் அடிச்சுக் குடுப்பீங்களா? தம்பி, இன்ஸ்டால் ஐகானைத் தொடாத. மெனுவுல 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' திற, நெட்வொர்க் வரியில என்ன சிப்னு இருக்கு? அக்கா எந்த ஃபான்ட்ல டைப் அடிக்கிறாங்க?

தண்டையார்பேட்டை தம்பி: பிராட்காம் பிசிஎம்43142ன்னு இருக்கு. ஃபான்ட் வானவில் அவ்வையார். ஃபான்ட் எதுக்குண்ணா?

கொருக்குப்பேட்டை கேட்: வானவில் யூனிகோட் கிடையாது, அதாவது எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையில இல்ல. ஃபான்ட் இல்லாம அந்த ஃபைலைத் திறந்தா தமிழுக்குப் பதிலா ஆங்கில எழுத்தும் குறியும் கொட்டிக் கிடக்கும். எங்க ஜெராக்ஸ் கடையில ஒரு தடவை பட்டுட்டேன். கல்யாணப் பத்திரிகை, அதுவும் மறுநாள் பிரிண்ட்! விண்டோஸை அழிக்கிறதுக்கு முன்னாடியே டாக்குமென்ட், போட்டோ எல்லாத்தையும், கூடவே ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கிற வானவில் ஃபைலையும் வேற பென்டிரைவ்ல போடு. மின்ட்ல அதை டபுள் க்ளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா, லிப்ரே ஆபீஸ்ல பழைய பேப்பர் சரியா தெரியும்.

வைஃபைக்கு: அந்த சிப்பை ஓட வைக்கிற டிரைவர் சாஃப்ட்வேர் திறந்த மூலம் (ஓப்பன் சோர்ஸ்) இல்ல, தனியாத்தான் போடணும். போனைக் கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணு, நெட் வந்துடும். இப்பவே டிரைவர் போடாத, பென்டிரைவ்ல ஓடுறப்ப போட்டது ரீஸ்டார்ட்ல போயிடும். இன்ஸ்டால் முடிஞ்சதும் திரும்ப டெதரிங் போட்டு, 'டிரைவர் மேனேஜர்'ல பிராட்காமைத் தேர்ந்தெடு. பேட்டரி நிக்குதா?

தண்டையார்பேட்டை தம்பி: சார்ஜரைப் பிடுங்கினா உடனே ஆஃப்.

கொருக்குப்பேட்டை கேட்: அப்ப கரன்ட் கட் இருக்கிற நாள்ல உக்காராத. பாதியில போனா விண்டோஸும் இருக்காது, மின்ட்டும் இருக்காது.

தண்டையார்பேட்டை தம்பி: ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கேன். காப்பி எடுத்து, இன்ஸ்டால் பண்ணி, டிரைவரும் போட்டாச்சு. வைஃபை இன்னும் வரலண்ணா! பேஜாரா இருக்கு.

கொருக்குப்பேட்டை கேட்: இன்ஸ்டால் பண்ணும்போது பாட்டு, வீடியோ ஓடுறதுக்கான மல்டிமீடியா கோடெக்னு டிக் போட்டியா? அப்ப ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அப்புறம் ரீஸ்டார்ட்ல நீலத் திரை வந்துச்சா?

தண்டையார்பேட்டை தம்பி: ஆமாண்ணா! பயந்துட்டு முதல்ல இருந்த 'கன்டினியூ பூட்' அழுத்திட்டேன்.

கொருக்குப்பேட்டை கேட்: அங்கதான் விட்ட. அது 'என்ரோல் மாக்' குடுத்து அந்த பாஸ்வேர்டை அடிக்க வேண்டிய இடம். செக்யூர் பூட்னு ஒரு பாதுகாப்பு ஆன்ல இருக்கு, தான் ஏத்துக்கிட்ட டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை அது உள்ளே விடாது. உனக்கு சுலபமான வழி: ஆன் பண்ணும்போது பயாஸுக்குள்ள (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) போ, நிறைய லேப்டாப்ல எஃப்2தான். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணி சேவ் குடு.

தண்டையார்பேட்டை தம்பி: வந்துடுச்சு!! தெருவுல இருக்கிற எல்லார் வைஃபையும் காட்டுது. வானவில் பேப்பரும் திறந்துச்சு. ஆனா புதுசா டைப் அடிக்க முடியலன்னு அக்கா கத்துறாங்க. தமிழ்99 கீபோர்டு லேஅவுட் அவங்களுக்கு வராது, டைப்ரைட்டிங் கிளாஸ் போனவங்க.

மின்ட் ரோடு மாமி: ஐபஸ்-எம்17என்னு ஒரு டைப்பிங் சாஃப்ட்வேர் போட்டுக்கோப்பா. அதுல தமிழ் டைப்ரைட்டர் லேஅவுட்டும் இருக்கு. நானும் அதுலதான் அடிக்கிறேன். வர்றது யூனிகோட், அதனால ஃபான்ட்டை வானவில்லயே விட்டுடாம நோட்டோ தமிழ் மாதிரி ஒண்ணுக்கு மாத்தச் சொல்லு.

தண்டையார்பேட்டை தம்பி: ரொம்ப நன்றி மாமி. அண்ணா, திறக்கிறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்குதே?

கொருக்குப்பேட்டை கேட்: அது ஹார்ட் டிஸ்க் வேகம், மின்ட் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி போடு: ரெண்டரை இன்ச் சாட்டா வகை, 256 ஜிபி போதும். தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கினா, கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்கிற ரிச்சி தெரு பக்கம். ஞாயித்துக்கிழமை போய் நிக்காத, நிறைய கடை சாத்தியிருக்கும்.