பாசிவ் ப்ரீஆம்ப் உதவி: 10 கிலோ ஓமா, 50 கிலோ ஓமா? நடுவில் 12 மீட்டர் வயர்

கானாடுகாத்தான்

வணக்கம். எங்கள் பழைய ப்ரீஆம்ப்பில் (பாட்டுக் கருவிகளுக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் இருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) இடது பக்கம் கரகரக்கிறது; இரண்டு பக்கமும் மெல்லிய உறுமல் வேறு. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் ஐசி இனிக் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். பாசிவ் ப்ரீஆம்ப் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒரு பெட்டி, ஒரு செலக்டர் சுவிட்ச், ஒரு வால்யூம் கன்ட்ரோல், அவ்வளவுதான். கரண்டே வேண்டாம் என்பது பிடித்திருக்கிறது.

இருப்பவை: சிடி பிளேயர் (2 வோல்ட்), போனில் செருகும் சிறிய டிஏசி (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றுவது), எம்எம் கார்ட்ரிட்ஜ் (மூவிங் மேக்னெட் வகை ஊசித் தலை) போட்ட ரெக்கார்ட் பிளேயர், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கத் தனி ஃபோனோ ஸ்டேஜ். பவர் ஆம்ப் உள்ளூரில் செய்தது, 60 வாட். 1.2 வோல்ட் கொடுத்தால் முழுச் சத்தம், இன்புட் இம்பிடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) 47 கிலோ ஓம் என்று செய்தவர் மூடியின் உட்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். ஸ்பீக்கர் 8 ஓம், 88 டெசிபல்.

சிக்கல் வீட்டின் நீளம்தான். சிடி பிளேயரும் ரெக்கார்ட் பிளேயரும் ப்ரீஆம்ப்பும் வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய அறையில், பூட்டுகிற அலமாரியில் இருக்கின்றன. பவர் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் பட்டாலையில் (பெரிய கூடத்தில்). இடையில் ஷீல்டு வயர் தூண்களைச் சுற்றிக்கொண்டு 12 மீட்டர் ஓடுகிறது. கடைக்காரர் 50 கிலோ ஓம் மின்தடை உள்ள வால்யூம் கன்ட்ரோல்தான் எதற்கும் பொருந்தும் என்கிறார். 10 போதும் என்று வேறொருவர் சொன்னார். மைத்துனரோ பாசிவ் போட்டால் பாட்டில் உயிர் போய்விடும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எதை வாங்குவது?

தேவகோட்டை

மைத்துனர் சொல்வது சரி. நானும் கேட்டிருக்கிறேன், சப்பென்று இருக்கும். கரண்டில் ஓடும் நல்ல ஆக்டிவ் ப்ரீஆம்ப்பாக வாங்கிவிடுங்கள்.

மதுரைக்காரர்

தேவகோட்டை அண்ணே, நீங்கள் கேட்டதில் எத்தனை கிலோ ஓம் இருந்தது, வயர் எவ்வளவு நீளம் என்று தெரியாமல் பாசிவ் மேல் பழி போட வேண்டாம். சப்பென்று ஆவதற்குக் கணக்கு இருக்கிறது.

வால்யூம் கன்ட்ரோலைப் பாதி மின்னழுத்தத்துக்குத் திருகும்போது அதன் அவுட்புட் இம்பிடன்ஸ் உச்சத்துக்குப் போகும். அது மொத்த மதிப்பில் கால் பங்கு. 50 கிலோ ஓம் என்றால் 12.5, 10 என்றால் 2.5. ஷீல்டு வயரின் மின்தேக்கம் மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபேரட் என்று வைத்தால் 12 மீட்டருக்கு 1,200. இந்த இரண்டும் சேர்ந்து மேல் சுருதிகளை வடிகட்டும். 50 போட்டால், 47 கிலோ ஓம் பவர் ஆம்ப்பையும் கணக்கில் சேர்த்து, 13 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே 3 டெசிபல் இறங்கிவிடும். நாகஸ்வரக் கச்சேரியில் கைத்தாளத்தின் கிணுகிணுப்பு முதலில் மழுங்கும். அதே வயரில் 10 போட்டால் இறக்கம் 50 கிலோஹெர்ட்ஸைத் தாண்டித்தான் வரும், காதுக்கு எட்டாது. மலிவான வயரில் மீட்டருக்கு 200 பைக்கோஃபேரட்கூட இருக்கும். அப்போது இரண்டு கணக்கும் பாதியாகும்.

50 எதற்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்வது பழைய வால்வு கருவிகளை மனத்தில் வைத்து. அவற்றின் அவுட்புட்டுக்குக் கனமான சுமை ஆகாது. உங்கள் சிடி பிளேயரும் டிஏசியும் 10 கிலோ ஓமை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும்.

சத்தம் போதுமா என்று பயப்படவும் வேண்டாம். 2 வோல்ட் வருகிறது, 1.2 போதும். மிச்சத்தைக் குறைக்கத்தான் கன்ட்ரோல்.

வாங்குமுன் காசு செலவில்லாத சோதனை ஒன்று. போன் டிஏசியை அதே 12 மீட்டர் வயரில் நேராகப் பவர் ஆம்ப்புக்குக் கொடுங்கள். போனில் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டு, பவர் ஆம்ப்பைக் கடைசியாகப் போடுங்கள். கரகரப்பும் உறுமலும் இருக்கிறதா பாருங்கள். பிறகு அதே டிஏசியை லேப்டாப்பில் செருகி, மூன்று பின் சார்ஜரோடு ஒரு முறை. சிடி பிளேயரை மட்டும் இப்படி நேராகக் கொடுத்துவிடாதீர்கள், ஸ்பீக்கர் போய்விடும்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, வயர் கணக்கெல்லாம் சரிதான், பட்டாலையை யாரும் கேட்கவில்லையே. முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், மேலே தேக்கு. கைதட்டினால் எங்கள் வீட்டில் மூன்றாம் கட்டு வரை கேட்கும். இங்கே மேல் சுருதி குறைந்தால் ‘இனிமையாக இருக்கிறது’ என்பார்கள், குறையாவிட்டால் ‘காதைக் குத்துகிறது’ என்பார்கள். இரண்டுக்கும் ப்ரீஆம்ப்பைத் திட்டாதீர்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் இரட்டை ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் கோரைப்பாய் இரண்டைத் தொங்கவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கானாடுகாத்தான்

சோதனை செய்தேன். போனில் கரகரப்பும் இல்லை, உறுமலும் இல்லை. லேப்டாப்பைச் சார்ஜரோடு செருகியதும் உறுமல் வந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. எர்த் பின்னை உடைத்துவிட்டால் தீரும் என்கிறார் எலெக்ட்ரீஷியன்.

ஆச்சி, ஜமுக்காளம் விரித்துவிட்டேன். அப்பத்தா கல்யாணம் ஏதாவது வருகிறதா என்று கேட்கிறார்.

மதுரைக்காரர்

எர்த் பின்னைத் தொடவே தொடாதீர்கள். அது உயிர் காக்கிற பின்.

உங்கள் உறுமல் எர்த் வளையம். அறையில் பழைய ப்ரீஆம்ப் ஒரு மூன்று பின் பிளக்கில் இருந்தது, பட்டாலையில் பவர் ஆம்ப் இன்னொன்றில். இரண்டு எர்த்தும் ஷீல்டு வழியாக மறுபடி இணைகின்றன. பாசிவ் பெட்டிக்குக் கரண்ட் கிடையாது என்பதால் அந்த வளையம் தானாக அறுபடும். சிடி பிளேயர் இரண்டு பின் என்றால் பிரச்சினை இல்லை. லேப்டாப்பைப் பாட்டுக்குப் பயன்படுத்தினால் பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது சிக்னல் வயரின் நடுவில் ஓர் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

ஆக 10 கிலோ ஓம், ஸ்டீரியோ, லாக் வகை (திருகத் திருகக் காதுக்குச் சத்தம் சீராக ஏறுவது). ஜப்பான் தயாரிப்பென்றால் பின்னால் 10கேஏ என்று இருக்கும். பி என்றால் லீனியர், அது வேண்டாம், கொஞ்சம் திருகினாலே கத்தும். சென்னை ரிட்ச்சி தெருவில் வாங்கினால் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், ஆல்ப்ஸ் என்ற ஜப்பான் நிறுவனத்தின் பெயரில் போலிகள் நிறைய. தண்டைக் குறைந்த சத்தப் பக்கம், ஒன்பது மணி நிலையில் வைத்து, இரண்டு பக்கமும் நடுக்காலுக்கும் எர்த் காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 12 விழுக்காடு வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டெசிபல். அதைத் தாண்டினால் பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்துவிடுவார். இரவில் மெல்லக் கேட்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம், பிராண்டு இல்லை.

உலோகப் பெட்டியே போடுங்கள். கன்ட்ரோலின் உடலும் பெட்டியும் சிக்னல் எர்த்தோடு ஒரே இடத்தில் சேரட்டும். ஒவ்வொரு கருவியின் அவுட்புட்டிலும் டிசி (நேர் மின்னோட்ட) மில்லிவோல்ட் அளந்துவிடுங்கள். பாசிவ் பெட்டியில் டிசியைத் தடுக்க எதுவும் கிடையாது. சில மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை.

தேவகோட்டை

சரி, 10 கிலோ ஓம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியை எங்கே வைப்பது? பவர் ஆம்ப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் 12 மீட்டரைச் சிடி பிளேயரே ஓட்டுமே, அதன் அவுட்புட் 100 ஓம் போலத்தானே இருக்கும்?

மதுரைக்காரர்

அதுதான் சரியான இடம் அண்ணே. கன்ட்ரோலுக்கும் ஆம்ப்புக்கும் இடையில் அரை மீட்டர். வேறு வழி, பவர் ஆம்ப்பையே அறைக்குக் கொண்டுபோய், ஸ்பீக்கர் வயரை 12 மீட்டர் இழுப்பது. 4 சதுர மி.மீ. செம்பு வயரில் போக வர 24 மீட்டருக்குச் சுமார் 0.11 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றும் இல்லை.

கானாடுகாத்தான்

இரண்டாவது வழிதான். ஐப்பசி மழையில் வளவிலிருந்து சாரல் பட்டாலை வரை வரும், ஆம்ப் அறைக்குள் இருப்பதே நல்லது. மைத்துனரை வைத்தே ஸ்பீக்கர் வயரை இழுத்தாயிற்று. சிடி அருமையாக இருக்கிறது. ஆனால் காருக்குறிச்சி அருணாசலம் இசைத்தட்டு வைத்தால் கன்ட்ரோலை முக்கால்வாசி தாண்டித் திருக வேண்டியிருக்கிறது. ஏதாவது கோளாறா?

மதுரைக்காரர்

கோளாறு இல்லை. கார்ட்ரிட்ஜ் சுமார் 5 மில்லிவோல்ட், ஃபோனோ ஸ்டேஜ் 40 டெசிபல் என்றால் நூறு மடங்கு, அரை வோல்ட். சிடியின் 2 வோல்ட்டைவிட 12 டெசிபல் குறைவு. 60 வாட் ஆம்ப்பில் அந்த அரை வோல்ட்டுக்குச் சுமார் 10 வாட் கிடைக்கும். இசையின் உச்சங்களில் இன்னும் ஏறும். 88 டெசிபல் ஸ்பீக்கரில் பட்டாலைக்கு அது தாராளம். முழுக்கத் திருகியும் போதவில்லை என்றால் ஃபோனோ ஸ்டேஜின் அடியில் 46 டெசிபலுக்கு மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஃபோனோ ஸ்டேஜை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியைத் திறக்க வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி

முதலில் ஊசியைத் துடையுங்கள் தம்பி.