1242 இளவேனிலில் மங்கோலியர் ஹங்கேரியை விட்டுத் திரும்பியது ஏன்?

பழையசுவடி:
மங்கோலியரின் ஐரோப்பியப் படையெடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே, மங்கோலியப் பேரரசர் ஒகோடி கான் இறந்தார், படையெடுப்பை நடத்திய படு கானின் படை திரும்பியது, கிறிஸ்தவ நாடுகள் பிழைத்தன என்று கதையை முடித்துவிடுகிறோம். என்னால் இதை ஏற்க முடியவில்லை. 1241 ஏப்ரல் 9 அன்று லெக்னிகாவில் சிலேசியக் கோமகன் இரண்டாம் ஹென்றி கொல்லப்பட்டார். இரண்டே நாளில், சஜோ ஆற்றங்கரையில் உள்ள மோகியில், ஹங்கேரி அரசர் நான்காம் பேலாவின் படை அழிந்தது. ஒகோடி இறந்ததோ டிசம்பர் 11 அன்று. இடைப்பட்ட எட்டு மாதமும் மங்கோலியப் படையின் பெரும்பகுதி தன்யூப் ஆற்றுக்குக் கிழக்கிலேயே தங்கியிருந்தது. குளிர்காலத்தில் ஆறு உறைந்த பிறகே அக்கரைக்குப் போக முடிந்தது. போன இடத்தில் முப்பது கவண்பொறிகளைக் கொண்டு எஸ்டர்கோம் நகரத்தை நொறுக்கியவர்களால், அதே ஊரின் குன்றின் மேல் சிமியோன் என்ற ஸ்பானியர் காத்து நின்ற உட்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. சதுப்பு நிலம் சூழ்ந்த செக்கேஸ்பெகேர்வார் நகரமும் பன்னொன்ஹால்மா மடமும் அவர்கள் கைக்குச் சிக்கவில்லை. கற்கோட்டைகளின் முன் வேகம் தடைப்பட்ட ஒரு படை திரும்பிப் போனதற்கு, தொலைதூரத்து மரணம் ஒன்றைக் காரணமாகத் தேட வேண்டுமா?

குதிரைத்தடம்:
தேடத்தான் வேண்டும், ஐயா. கோட்டைக்கு அஞ்சித் திரும்பியவர்கள் என்று மங்கோலியரைச் சொல்வது, அவர்கள் அதற்கு முன் செய்தவற்றை மறந்து பேசுவதாகும். 1233இல் வடசீனத்து ஜின் பேரரசின் கைஃபெங் நகரம் அவர்களிடம் வீழ்ந்தது. அதன் மதில்களுக்கு முன் எஸ்டர்கோமின் குன்று எம்மாத்திரம்? 1240 டிசம்பரில் கீவ் நகரத்தின் மதில்கள் சில நாட்களிலேயே உடைந்தன.

சான்றுக்கும் குறைவில்லை. போப்பின் தூதராகச் சென்று, 1246இல் ஒகோடியின் மகன் குயுக் கான் அரியணை ஏறியதை நேரில் கண்ட கார்ப்பினி, ஹங்கேரியிலிருந்த படை பேரரசரின் மரணத்தால்தான் திரும்பியது என்று எழுதியிருக்கிறார். அப்போது மங்கோலிய அரசவையில் என்ன பேசிக்கொண்டார்களோ அதை அவர் பதிவு செய்திருக்கிறார் என்றே நான் கொள்கிறேன். படு கானுக்கும் குயுக்குக்கும் இருந்த பகையையும் நாம் மறந்துவிடக் கூடாது. உருசியப் படையெடுப்பின்போதே இருவரும் மோதிக்கொண்டார்கள்; குயுக் திருப்பி அழைக்கப்பட்டார். தந்தை இறந்தபின் அந்தக் குயுக்கே அடுத்த கானாக வரக்கூடும் என்னும்போது, படு கான் தன் படையோடு ஹங்கேரியின் மூலையில் முடங்கியிருப்பாரா?

பழையசுவடி:
கார்ப்பினியைக் குறிப்பிட்டீர்கள், அப்படியானால் ரஷீத் அல்-தீனையும் குறிப்பிட வேண்டும். மங்கோலிய அரசின் அமைச்சராகவே இருந்து வரலாறு எழுதிய அவர், திரும்பத் தொடங்கியபோது கானின் மரணச் செய்தி இவர்களை எட்டியிருக்கவில்லை என்கிறார். கார்ப்பினிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர் அவர் என்பது உண்மைதான். ஆனால் கார்ப்பினி வெளியார். இவரோ அரசு ஆவணங்களைப் பார்க்கும் இடத்தில் இருந்தவர். மங்கோலியத் தலைநகர் காரகோரத்திலிருந்து ஹங்கேரி ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அஞ்சல் குதிரைகள் பறந்தோடினாலும், மார்ச் மாதப் பின்வாங்கலுக்குள் செய்தி வந்து சேர்ந்திருக்க வேண்டுமானால் காலக்கணக்கு மிகவும் நெருக்கடியாக இருக்கிறது.

அதோடு, படு கான் காரகோரம் போகவே இல்லை. 1246இல் புதிய கானைத் தேர்ந்தெடுக்க நடந்த குருல்தாய் என்ற பேரவைக்கும் அவர் செல்லவில்லை.

குதிரைத்தடம்:
போகவில்லை என்பதால் கானின் மரணம் அவருக்குப் பொருட்டாக இல்லை என்று ஆகிவிடாது. வாக்களிக்கப் போவது ஒன்று. பகைவன் அரியணையை நெருங்கும்போது வோல்கா கரையில் தன் நிலத்தையும் படையையும் காத்துக்கொண்டிருப்பது வேறொன்று. நான் சொன்னது இரண்டாவது.

ஆற்றங்கரை:
இருவரும் மன்னிக்க வேண்டும். கானையும் கோட்டையையும் பற்றி இவ்வளவு பேசினோம். குதிரை தின்ற புல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு வீரனுக்கு மூன்று, நான்கு குதிரைகள் என்று வைத்துக்கொண்டால், பல்லாயிரம் பேர் கொண்ட ஒரு படைக்கு எத்தனை மேய்ச்சல் நிலம் வேண்டும்! ஹங்கேரியச் சமவெளி நமக்குப் பெரிதாகத் தோன்றலாம். மங்கோலியப் புல்வெளியோடு ஒப்பிட்டால் அது ஒரு சிறு முற்றம். மர வளையங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, 1242இன் தொடக்கத்தில் நிலவிய குளிரும் ஈரமும் சமவெளியைச் சேறாக்கி மேய்ச்சலைக் கெடுத்திருக்கும் என்று வாதிட்டது. அதற்கு மறுப்பும் எழுந்தது. ஆயினும் உணவு, தீவனம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தப் பின்வாங்கலை விளக்க முடியாது என்பதே என் கருத்து.

குதிரைத்தடம்:
நிலம் தாங்காது என்று தெரிந்திருந்தால், அங்கே தங்குவதற்கு ஏற்பாடு செய்தது ஏன்? மங்கோலியரிடம் அகப்பட்டுத் தப்பிய பாதிரியார் ரொஜேரியஸ் எழுதியதைப் பாருங்கள். கிராமங்களுக்கு ஏறத்தாழ நூறு அதிகாரிகளை நியமித்து, காட்டுக்குள் ஒளிந்திருந்த மக்களை அஞ்ச வேண்டாம் என்று திரும்ப அழைத்து, பயிரை அறுக்கச் செய்தார்கள். சூறையாடிவிட்டுப் போக வந்தவர்கள் செய்யும் வேலையா இது? ஆளுவதற்கே வந்தார்கள். பிறகு மனம் மாறினார்கள். மாற்றியது எது என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்து அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரே பெரிய மாற்றம் ஒகோடியின் மரணம்.

பழையசுவடி:
அதே ரொஜேரியஸை அடுத்த பக்கமும் படியுங்கள். அறுவடை முடிந்ததும் அந்தக் கிராமத்து மக்களைக் காணிக்கையோடு வரச்சொல்லி, வந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். ஆண்டுக்கு ஆண்டு வரி வாங்கி ஆள நினைப்பவன், விதைக்கும் கையை வெட்டமாட்டான். இந்தப் படுகொலை தன்யூபைக் கடப்பதற்கு முந்தியது என்பது என் வாசிப்பு. அதாவது, எந்த மரணச் செய்தியும் வந்து சேர்வதற்கு முன்பே, அந்த நிலத்தை வைத்து ஆளும் எண்ணத்தை அவர்கள் கைவிட்டிருக்கிறார்கள். அந்த மக்கள் ஏமாற்றிக் கூட்டிவரப்பட்டவர்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. இதை வெறும் படைத்தந்திரமாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

ஆற்றங்கரை:
இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. உழவரைக் கொன்றதனால் அடுத்த ஆண்டு விளைச்சலும் தங்களுக்கு இல்லாமல் போகும்படி செய்துகொண்டார்கள். 1242இல் ஹங்கேரியை வாட்டிய பஞ்சத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

குதிரைத்தடம்:
படுகொலையைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு இப்போது என்னிடம் விடையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டை வாதம் இன்னும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மூன்று இடங்கள் தப்பியதை வைத்து, ஒரு பேரரசின் படை தோற்றுப் போனது என்று எப்படிச் சொல்வது?

பழையசுவடி:
தோற்றுப் போனது என்று நான் சொல்லவில்லை. மோகியில் யார் வென்றார்கள் என்பதில் ஐயமே இல்லை. மேற்கொண்டு போவதற்குக் கொடுக்க வேண்டிய விலை கூடிக்கொண்டே போனது என்கிறேன். மூன்றோடும் அது நிற்கவில்லை. பேலாவைத் துரத்திக்கொண்டு அட்ரியாட்டிக் கடற்கரை வரை போன மங்கோலியத் தளபதி கத்தான், கிளிஸ் கோட்டையின் பாறையில் மோதித் தோற்றார். தீவு நகரமான டிரோகிரின் எதிர்க்கரையில் வந்து நின்றும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்.

இந்தக் கேள்விக்கு என்னைவிடவும் உங்களைவிடவும் நன்றாக விடை தெரிந்த ஒருவர் இருந்தார்: எல்லாவற்றையும் இழந்து நாடு திரும்பிய பேலா. அதுவரை ஹங்கேரியின் அரண்களில் பெரும்பாலானவை மண்ணாலும் மரத்தாலும் ஆனவை. அவர் திரும்பியதும், கற்கோட்டை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரபுக்களுக்கு நிலம் கொடுத்தார். பெஸ்ட் நகர மக்களை எதிர்க்கரையில் இருந்த பூடா குன்றின் மேல் குடியமர்த்தி மதில் எழுப்பினார். 1285இல் மங்கோலியத் தலைவர்களான நோகாயும் தலபுகாவும் மீண்டும் படையெடுத்து வந்தபோது அந்தக் கோட்டைகள் அவர்களுக்காகக் காத்திருந்தன. தலபுகாவின் படை திரும்பும் வழியில் கார்பாத்திய மலையின் பனியிலும் பசியிலும் பெரும்பகுதி மடிந்தது.