ஜன்னலில் கடலும் தெரியணும், அறையும் தெரியணும்: எவ்வளவு கலந்தால் போதும்?

உச்சிப்புளி ஒளி:
மண்டபம் பக்கம் கடலோரத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. ஹாலில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், கம்பி போட்டது. வெளியே கொஞ்சம் மணல், இரண்டு தென்னை, அப்புறம் பாக் விரிகுடா. எஃப்8, ஐஎஸ்ஓ 100-ல் அளந்தால் அறைக்கு 1 நொடி கேட்கிறது, வெளியே மணலுக்கு 1/500 நொடி. ஒன்பது ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரு மடங்கு), அதாவது வெளியே ஐந்நூறு மடங்கு வெளிச்சம். டிரைபாடில் வைத்து 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 என்று ஐந்து படம் எடுத்து லைட்ரூமில் ஹெச்டிஆர் மெர்ஜ் போட்டு (ஐந்தையும் ஒரே படமாக்கி), ஷேடோவை ஏற்றி ஹைலைட்டை இறக்கினேன். கடல் நீலமாக வந்தது, சோபாவும் பளிச்சென்று வந்தது. புரோக்கருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரம்மாவோ, "என்ன தம்பி, ஜன்னல்ல போஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வேதாளை பிளாஷ்:
வீட்டுக்காரம்மா சொல்வதுதான் சரி. வெளி மணலும் உள்ளே இருக்கிற சோபாவும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் யார் நம்புவார்கள்? அந்த ஹாலுக்கு வெளிச்சமே ஜன்னல் வழியாகத்தான் வருகிறது. ஜன்னலுக்குக் கீழே தரை பளபளக்க வேண்டும், பின்சுவருக்குப் போகப் போக மங்க வேண்டும். மெர்ஜ் அந்தச் சரிவைத் தட்டையாக்கி விடுகிறது. அறையில் நிழலே இல்லை என்றால் அது அறை மாதிரி இருக்காது. ஐந்து படம் எதற்கு? சீலிங்கில் பட்டுத் திரும்பும்படி பவுன்ஸ் பண்ணி ஒரு பிளாஷ், ஒரே ரா ஃபைல், வேலை முடிந்தது.

கீழக்கரை புரோக்கர்:
படம் எடுப்பவர்களுக்கு அறை முக்கியம், வாங்குபவருக்குக் கடல் முக்கியம். என் பார்ட்டிகளில் பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வாட்ஸப்பில் நசுங்கி வரும் படத்தை ஆறு அங்குல போனில், அதுவும் வேலைக்கு நடுவில் பார்க்கிறார்கள். ஜன்னல் வெள்ளையாக இருந்தால் முதல் கேள்வியே, "அந்தப் பக்கம் என்ன, அடுத்த வீட்டுச் சுவரா?" நிழல் சரிவெல்லாம் யாரும் கேட்டதில்லை.

மண்டபம் லேயர்:
நான் எடிட்டிங் மட்டும் செய்கிறவன். இங்கே கலப்பதில் தப்பில்லை, கலக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டதில்தான் தப்பு.

கொஞ்சம் பழைய கதை. 1997-ல் டெபெவெக், மாலிக் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன வழி: எல்லாப் படத்திலிருந்தும் காட்சியின் உண்மையான ஒளி அளவைக் கணக்குப் போட்டு மீட்பது. அப்படிக் கிடைத்ததைத் திரைக்குள் அடங்கும்படி அமுக்கியாக வேண்டும். பெரும்பாலும் அந்த அமுக்குகிற இடத்தில்தான் போஸ்டர் பிறக்கிறது. 2007-ல் மெர்டென்ஸ் குழு கொண்டுவந்த எக்ஸ்போஷர் ஃபியூஷன் அந்த மீட்பையே விட்டுவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படம் ஒழுங்காக வெளிச்சம் வாங்கியிருக்கிறதோ, அதற்கு அதிக எடை கொடுத்துக் கலக்கும். என்ஃபியூஸ் என்ற இலவச மென்பொருள் இந்த வகை. பார்க்கக் கொஞ்சம் சாதுவாக இருக்கும். ஆனால் இரண்டுக்குமே ஒரு விஷயம் தெரியாது: ஜன்னல் அறையை விட வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டும். விட்டால் எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுத்துவிடும்.

நான் செய்வது இது. 1/2 நொடிப் படம் அடிப்படை. அதன் மேல் ஜன்னலுக்கு ஒரே ஒரு லேயர் (மேலே அடுக்குகிற படம்), அதுவும் 1/500 இல்லை, 1/125. மணல் வெளுத்தாற்போல் இருக்கும், கடல் இளநீலமாக இருக்கும், ஆனால் கடல் என்று தெரியும். வேண்டுமானால் லேயரின் ஒப்பாசிட்டியை (அடர்த்தியை) எழுபது எண்பது சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். முடிந்த படத்தில் ஜன்னல் அறையை விட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏறியே நிற்க வேண்டும். புரோக்கருக்கும் கடல் கிடைத்தது, வீட்டுக்காரம்மாவுக்கும் ஜன்னல் கிடைத்தது.

வேதாளை பிளாஷ்:
கேட்க நன்றாக இருக்கிறது லேயர். ஜன்னல் கம்பியை என்ன செய்வீர்கள்? வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற ஜன்னல் வெறும் கண்ணாடி, மாஸ்க் போடுவது (லேயரில் எந்தப் பகுதி தெரியணும் என்று வரைவது) சுலபம். நம்ம ஊரில் அரை அங்குலக் கம்பி வரிசையாக, நடுவில் பூ டிசைன் வேறு. நீளமான எக்ஸ்போஷரில் வெளிவெளிச்சம் கம்பியைத் தின்று பாதியாக்கிவிடும். 1/125-ல் அதே கம்பி தடியாக, கரிக்கட்டையாக நிற்கும். இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் சாம்பல் நிற விளிம்பு, ஹேலோ. பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

பிளாஷ் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஜன்னல் பக்கத்தில் பிளாஷை நிறுத்தி, சட்டத்தையும் கம்பியையும் நன்றாக வெளிச்சமாக்கி ஒரு படம். வெளியே 1/500 கேட்டாலும் பிளாஷ் சிங்க் (பிளாஷோடு ஒத்துப்போகிற ஷட்டர் வேகம்) பெரும்பாலான கேமராவில் 1/200 பக்கம் நின்றுவிடும், அது நல்லதுக்குத்தான். வெளிக்காட்சி சுமார் ஒன்றேகால் ஸ்டாப் ஏறி வரும், நீங்கள் கேட்ட அளவே. இதை அறைப் படத்தின் மேல் வைத்து டார்க்கன் மோடு போடுங்கள், இரண்டில் எது இருட்டோ அது மட்டும் தெரியும். கம்பியும் சட்டமும் பிளாஷ் படத்தில் வெளிச்சமாக இருப்பதால் கீழே உள்ள படமே தெரியும். வெளுத்துப்போன இடைவெளிகளில் மட்டும் கடல் இறங்கும். மாஸ்க்கை ஜன்னலைச் சுற்றி ஒரு கட்டமாக வரைந்தால் போதும்.

உச்சிப்புளி ஒளி:
அண்ணே, கண்ணாடியில் பிளாஷ் தெரியாதா? இன்னொன்று, அந்த ஹால் சுவர் பச்சை. பவுன்ஸ் அடித்தால் சோபாவும் பச்சையாகிறது.

வேதாளை பிளாஷ்:
நம்ம ஜன்னல் கதவு பாதி வீட்டில் திறந்துதானே கிடக்கிறது தம்பி, கண்ணாடி எங்கே வந்தது? மூடியிருந்தால் பக்கவாட்டில் சாய்த்து அடிங்க. பச்சைச் சுவர்தான் தலைவலி. அங்கே சீலிங் வெள்ளையா என்று பார்த்து அதில் மட்டும் அடிக்கணும்.

மண்டபம் லேயர்:
கம்பி விஷயத்தில் பிளாஷ் சொல்வதை ஏற்கிறேன், அந்த ஒரு படத்துக்கு நானே பிளாஷ் கேட்பேன். அறைக்கு மட்டும் பிளாஷ் வேண்டாம். அவரே சொன்ன வெளிச்சச் சரிவை முதலில் கெடுப்பது சீலிங் பவுன்ஸ்தான். ஒரே சீராக ஒளி கொட்டினால் பதிவுத் திருமண போட்டோ மாதிரி ஆகிவிடும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஆட்டோ மெர்ஜ் பக்கமே போகாதீர்கள். ஐந்து படத்திலும் தென்னை ஓலை ஐந்து இடத்தில் இருக்கும். அசைந்ததை நீக்கும் கோஸ்ட் ரிமூவல் போட்டால் ஓலை நுனி பிய்ந்த துணியாகிவிடும். ஜன்னலுக்கு ஒரே படத்தை எடுத்துக்கொண்டால் ஓலை ஒரே இடத்தில்தான். திரைச்சீலையைக் கட்டிவிடுங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள். வீட்டுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முறைப்பார், பரவாயில்லை.

லைட்டையும் அணைத்துவிடுங்கள். 6500 கெல்வின் வெள்ளை டியூப், 3000 கெல்வின் மஞ்சள் ஸ்பாட், ஜன்னல் பகல்வெளிச்சம், மூன்றும் சேர்ந்தால் எந்தச் சுவர் என்ன நிறம் என்று நமக்கே தெரியாது. லைட் எரிந்துதான் ஆகணும் என்று அடம்பிடித்தால், சூரியன் மறைந்து பதினைந்து இருபது நிமிடம் கழித்துப் போங்கள். உள்ளும் வெளியும் தானாகவே நெருங்கிவிடும், சில நேரம் ஒரே படம் போதும்.

கீழக்கரை புரோக்கர்:
அந்த நேரத்தில் கடல் கருநீலமாக இருக்கும், மணலே தெரியாது. அந்த மணலைக் காட்டித்தானே விலை சொல்கிறோம்? சரி, இவ்வளவு கலக்கிறீர்கள், அப்படியே நல்ல வானம் ஒன்று போட்டு, ஜன்னலுக்கு நேரே போகிற ஈபி கம்பியையும் எடுத்துவிட்டால் என்ன? கூடுதல் காசு தருகிறோம்.

தொண்டிக்கரை:
படமெல்லாம் எடுக்கத் தெரியாது, வாங்கப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வீட்டைப் படத்தில் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு போனோம். ஹாலின் கடல் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக நின்றது. விரலால் தொட்டால் மாவாகக் கொட்டியது. படத்தில் அதே சுவர் வழவழவென்று இருந்தது. கடல் எவ்வளவு நீலம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தச் சுவரைக் காட்டியிருந்தால் போயிருக்கவே மாட்டேன்.

கீழக்கரை புரோக்கர்:
தம்பி, இந்தக் கரையில் உப்பு பூக்காத சுவர் எங்கே இருக்கிறது? நேரில் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

மண்டபம் லேயர்:
துபாய் பார்ட்டி வாட்ஸப்பில் பார்க்கிறார் என்று நீங்கள்தானே மேலே எழுதினீர்கள் புரோக்கர் காக்கா? நீளமான எக்ஸ்போஷரைக் கலந்தால் நிழலில் கிடக்கிற உப்புக் கறை இன்னும் தெளிவாகத்தான் தெரியும். அதை மழுங்கடிப்பது வேறொரு கை. தொங்குகிற ஒயர், தரையில் கிடக்கிற செருப்பு, இதெல்லாம் நான் எடுப்பேன். ஈபி கம்பி, கறை, விரிசல், அடுத்த வீட்டு மாடி, இதைத் தொட மாட்டேன். வீட்டோடு வருவதை எடுக்கக் கூடாது. புது மனை, புது அப்பார்ட்மெண்ட் விற்கிற பில்டருக்கு இது வெறும் நேர்மைப் பிரச்சினையும் இல்லை: 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் பிரிவு 12-ன்படி, பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு அவர் இழப்பீடு தர வேண்டும். பழைய வீட்டு விற்பனை அதில் வராது, அது தெரியும்.

வேதாளை பிளாஷ்:
வானம் மாற்றுவது எனக்கும் ஆகாது. தரையில் ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கும், ஒட்டின வானத்தில் சூரியன் இன்னொரு பக்கம் இருக்கும். ஆனால் அறைக்கு பிளாஷ் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்சுவர் ஓரம் இருட்டாக இருக்கிற வீட்டில் கொஞ்சம் நிரப்பியே ஆகணும்.

உச்சிப்புளி ஒளி:
அடிப்படைக்கு 1/2, ஜன்னலுக்கு பிளாஷ் அடித்த 1/200, டார்க்கன். லைட் அணைப்பு, ஃபேன் அணைப்பு. ஈபி கம்பி அப்படியே இருக்கும் காக்கா. ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறேன். காலை எட்டு மணிக்கா, பதினொன்றுக்கா?

மண்டபம் லேயர்:
எந்த மாதம் என்று பாருங்கள். நம்ம ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்கே சாயும், வடக்கு ஜன்னலின் விளிம்பில் நேர் வெயில் ஏறும். இப்போது அந்தக் காலம் இல்லை என்பதால் பதினொன்றுக்கே போகலாம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், கடலும் நிறம் கொடுக்கும்.

கீழக்கரை புரோக்கர்:
எடுத்துட்டு எனக்கு இரண்டையும் அனுப்புங்க தம்பி, பழைய மெர்ஜையும் சேர்த்து. எதுக்கு போன் வருதுன்னு நானும் பார்க்கிறேன்.