தட்டச்சு வகுப்பில் தொடங்கிய கோடைக் காதல்: வீட்டை விட்டு வந்த பெண் ஜோடிகள், நீங்கள் பார்த்த வழக்குகளை எழுதுங்கள்

வைகைக்கரை:
போன மே மாதம். கடைவீதி மாடி வீட்டுப் பெண்ணுக்கு 19 வயது, ஸ்கூட்டியில் வருவாள். காலனிப் பெண் பிளஸ் டூ முடித்தவள், மகளிர் இலவசப் பேருந்தில் வருவாள். லோயர் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஆறே வாரம், ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி இல்லை என்றாகிவிட்டது. பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் மே 29 அன்று கிளம்பிவிட்டார்கள்.

மனசைவிட்டுப் போகாதது ஸ்டேஷன் மேஜை. சின்னவளின் அம்மா மஞ்சள் பையிலிருந்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து வைத்தார். பிறந்த தேதி ஜூன் 11, அன்றுதான் 18 நிறையும். சின்னவள் விரல்விட்டு எண்ணினாள், பதின்மூன்று. "பதிமூணு நாள் கழிச்சு வந்திருந்தா?" என்று கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. சின்னவளைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். பெரியவள் மேல் ஆள்கடத்தலும் போக்சோவும் பாய்ந்தன. போக்சோ சட்டத்தில் குற்றவாளி 'ஒரு நபர்'தான், ஆணாக இருக்க வேண்டியதில்லை. 18 நிறையாதவளின் சம்மதமும் அங்கே செல்லாது.

பொருநை:
வயதுதான் எல்லாம் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள், ஒத்துக்கொள்ள முடியவில்லை அக்கா. ஆள்கடத்தலுக்கு 1964லேயே வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. மேஜராகும் தறுவாயில் இருக்கும் பெண், விவரம் தெரிந்து தானாகக் கிளம்பி வந்தால், கூடப் போனவர் 'கடத்தினார்' ஆகாது. ஜாமீன் மனுவிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். போக்சோவுக்கு அது உதவாது என்பது வேறு விஷயம்.

நான் சொல்லவந்த ஜோடிக்கு 22, 24. ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். மேஜர்தான், ஆனாலும் பிரித்தார்கள். 'தோழியுடன் ஊர் சுற்றிப் பார்க்கப் போனேன், பெற்றோருடன் செல்லச் சம்மதம்' என்று யாரோ எழுதிவைத்த தாள். நர்ஸ் பெண்ணின் வலது கையில் பேனா, இடது மணிக்கட்டு அம்மாவின் பிடியில். அப்படியே கையெழுத்துப் போட்டாள். சம்மதித்து வாழும் பெரியவர்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை கொடுக்காமல் புகாரை முடிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 7.6.2021 அன்றே உத்தரவிட்டார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கு அது. அந்த உத்தரவின் நகல் இருவர் கையிலும் இல்லை.

சட்டப்பை:
யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மேலே சொன்ன இரண்டு ஜோடியும் கிளம்புவதற்கு முந்தின வாரத்திலேயே தோற்றுவிட்டார்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசல் பையில் இருக்க வேண்டும். எல்லோரும் ஆதாரை எடுத்துக்கொண்டு சான்றிதழை பீரோவில் விட்டுவிடுகிறார்கள். ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமாகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 18வது பிறந்தநாள் விடியும் முன் கிளம்பவே கூடாது.

நகை வேண்டாம், காதில் கிடக்கும் தோடு போதும். ஒரு சங்கிலி கூட வந்தாலும் அடுத்த நாள் திருட்டுப் புகார் வரும், காணாமல் போன வழக்கு கிரிமினல் வழக்காக மாறும்.

இருவரும் தனித்தனியே கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும். வயது, சொந்த விருப்பத்தில் வந்தது, நகை பணம் எதுவும் எடுக்கவில்லை, வீட்டாரால் உயிருக்கு என்ன பயம், எல்லாம் ஒரே பக்கத்தில். சொந்த மாவட்ட எஸ்.பி.க்கும், தங்கியிருக்கும் ஊர் போலீஸுக்கும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட், அன்றே மின்னஞ்சல். வீட்டார் புகார் கொடுப்பதற்கு முன்னால் இது போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. போனை அணைத்துவிட்டு மறைவதால்தான் 'கடத்தல்' கதைக்கு உயிர் வருகிறது.

ஸ்டேஷனில் எழுதித் தரச் சொன்னால், மாஜிஸ்திரேட் முன் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 183ன்படி வாக்குமூலம் தருகிறேன் என்று கேளுங்கள். பழைய சட்டத்தின் 164தான் இது. ஒருத்தியை வீட்டில் அடைத்துவிட்டால் மற்றவளே ஆட்கொணர்வு மனு போடலாம். அடைபட்டவரிடம் நீதிபதி தனியே, வீட்டார் இல்லாமல் பேச வேண்டும், மனதை மாற்ற முயலக் கூடாது என்று 11.3.2024 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. வேலூர் வழக்கில் 22.5.2025 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 25 வயதுப் பெண்ணை வீட்டாரிடமிருந்து விடுவித்தது. கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்றும் எழுதியது. மனுவோடு அந்த உத்தரவையும் இணையுங்கள்.

நெய்தல்:
வீட்டார் 'கவுன்சிலிங்' என்று தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போன ஒரு பெண். மாத்திரையால் நாக்கு உலர்ந்து, தோழியின் பெயரைக்கூட இரண்டாம் தடவைதான் சொல்ல முடிந்தது. பாலின ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று செய்யும் 'சிகிச்சை' (கன்வர்ஷன் தெரபி) தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே அறிவித்துவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன்படி மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், மாத்திரை அட்டையையும் தூக்கிப்போடாதீர்கள்.

வைகைக்கரை அக்கா, அந்தப் பதின்மூன்று நாள் பெண் என்ன ஆனாள்?

வைகைக்கரை:
ஜூன் 11 அன்று காப்பகத்திலிருந்து வெளியே வந்தாள். பெரியவளுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் சின்னவளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நிபந்தனை. 18 ஆனதும் அது தானாக விலகாது, தளர்த்தக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். இன்னும் போடவில்லை. வரதராஜன் வழக்கை வக்கீலிடம் சொல்கிறேன் பொருநை.